நர்ஸம்மாவின் ஏரிப்பக்கத்து வாசல்

மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிக் கண்ணாடிச் சில்லு பதித்த காம்பவுண்டு சுவர் ஒன்று நீளமாகப் போகிறதே, அது நான் கட்டியது. முகப்பேரில் வீடுகள் எழும்பிய காலத்தில், வளைந்து ஏறும் மாடிப்படி என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஆவடியில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. இன்றைக்கு வரைக்கும் அந்தத் தொட்டியில் ஒரு சொட்டு கசிந்தது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். எங்கள் ஊரில் முதன்முதலாக கான்கிரீட் போட்ட வீடு என்னுடையது. இத்தனைக்கும் நான் சித்தாள் பிள்ளை. என் அம்மா தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறியவள். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டைத்தான் பார்த்துக்கொண்டேன். கொத்துக்கரண்டி பிடித்துச் சம்பளம் வாங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. மேஸ்திரி என்று ஊர் கூப்பிட்டபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கைதூக்கிவிட ஆளில்லை. நானாக வந்தேன்.

இவ்வளவு கட்டியிருக்கிறாயே, இதில் எது பெரிசு என்று கேட்டால் நான் மண்டபத்தைக் காட்ட மாட்டேன். ஒரு கதவைக் காட்டுவேன். சாதாரண வேங்கைமரக் கதவு. ஏரிப் பக்கம் பார்த்த கதவு. அந்தக் கதவு இல்லை என்றால் எங்கள் ஊருக்கு நர்ஸம்மா நிலைத்திருக்க மாட்டார். நர்ஸம்மா நிலைக்கவில்லை என்றால் என் தங்கச்சி இன்றைக்கு உயிரோடு இல்லை. அந்த இடத்தில் இப்போது புதுக் கட்டடம் வந்துவிட்டது. வாசலில் பளபளவென்று ஒரு கல் பதித்து, அதில் பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊருக்கு, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையை விட்டு உள்ளே இறங்க வேண்டும். இப்போது பிளாட் போட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். நான் சொல்வது எண்பதுகளின் நடுவில். அப்போது ஏரி, ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் வேர்க்கடலை. பாதிப் பேர் வயலில் இறங்குவார்கள், மீதிப் பேர் சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போவார்கள். பஸ் சாலையோடு சரி. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தால், சாலைக்குப் போகிற வழி தண்ணீருக்குள் போய்விடும். ஊர் தனித் தீவு.

பிரசவ வலி எடுத்தால் மாட்டு வண்டி கட்டிச் சாலை வரைக்கும் போக வேண்டும். அங்கே நின்று டாக்சியோ லாரியோ, எது நிற்கிறதோ அதில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் தங்கச்சியின் முதல் பிள்ளை அந்த மாட்டு வண்டியிலேயே பிறந்து, அந்த வண்டியிலேயே போய்விட்டது. அதை நான் விரித்து எழுத மாட்டேன்.

அப்புறம்தான் அரசாங்கம் எங்கள் ஊருக்கு நர்ஸ் போட்டது. அவருக்கு ஓர் அறையும் ஒரு வராந்தாவுமாகத் துணைச் சுகாதார நிலையம் கட்டினார்கள். அதைக் கட்டியது நான் இல்லை, வெளியூர்க்காரர். நான் கட்டியிருந்தால் முதல் மழைக்கே ஒழுகியிருக்காது. இடம்? ஊரில் காலியாகக் கிடந்த ஒரே புறம்போக்கு அம்மன் கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கேயே கட்டிவிட்டார்கள்.

நர்ஸம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பிட்டர். குவார்ட்டர்ஸில் குடித்தனம். தினமும் லேடீஸ் சைக்கிளில் ஏரிக்கரை மேல் வருவார். மழைக்காலத்தில் வழி அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் அறையிலேயே பாய் விரித்துத் தங்கிவிடுவார். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். முதல் நாளே என்னைப் பார்த்து, "மேஸ்திரி அண்ணாச்சி, இந்தக் கட்டடத்தைக் கட்டுனது நீங்கதானா?" என்று கேட்டார்.

"நான் இல்லம்மா" என்றேன்.

"நல்லவேளை. நீங்களா இருந்தா ரெண்டு வார்த்தை ஏசியிருப்பேன்."

பெரிய டாக்டரம்மா இருந்தது பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். அவரை நான் மெச்சுகிறேன். நான் லேசில் யாரையும் மெச்ச மாட்டேன். அந்தக் காலத்தில் நர்ஸ் என்றால் எடை பார், இரும்புச் சத்து மாத்திரை கொடு, தடுப்பூசி போடு, கஷ்டமான கேஸ் என்றால் எழுதி அனுப்பிவிடு, அவ்வளவுதான் என்று இருந்தது. டாக்டரம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் சொன்னார்: "நான் ஒருத்தி எத்தனை ஊருக்கு ஓட முடியும்? நர்ஸோட கையைக் கட்டிப் போட்டுட்டு, கேஸை என்கிட்ட அனுப்புன்னு சொன்னா, பாதிப் பேர் வழியிலேயே போயிடுவாங்க. நான் செய்யறதுல எதெல்லாம் இவங்க கத்துக்க முடியுமோ அதெல்லாம் கத்துக் கொடுக்கப் போறேன்."

சொன்னபடியே செய்தார். நர்ஸம்மாவை மாசக்கணக்கில் தன் பிரசவ வார்டில் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். கிழிந்தால் தையல் போடுவது, டிரிப் ஏற்றுவது, பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே போட வேண்டிய ஊசி, எல்லாம் பழக்கினார். ஆபத்து என்றால் எனக்காகக் காத்திருக்காதே, போட்டுவிட்டுச் சொல் என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார். பிரசவ மேஜை ஒன்றும் வந்து இறங்கியது.

எல்லாம் வந்தது. பிரசவத்துக்கு ஆள் வரவில்லை.

தலைவலி என்று வருவார்கள், பிள்ளைக்குச் சொட்டு மருந்து என்று வருவார்கள். நிறைமாசக்காரி மட்டும் வர மாட்டாள். "இன்னும் வலி எடுக்கலம்மா" என்பாள். மறுநாள் பார்த்தால் வீட்டிலேயே பிறந்திருக்கும், இல்லை வண்டி கட்டிப் போயிருப்பார்கள். ஆபீசர்கள் வந்து பார்த்தார்கள். நர்ஸ் என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று முடிவு கட்டினார்கள். மைக் வைத்துப் பேசினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். ஊரே உட்கார்ந்து பார்த்தது. படம் முடிந்ததும் எழுந்து போய்விட்டது.

நர்ஸம்மாவுக்கு மனசு விட்டுப்போனது. மேஜையைத் துடைத்துத் துடைத்து வைப்பார். "வேலை தெரியாதவன்னு நெனைக்காவளோ என்னவோ" என்று என் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். தங்கச்சி அப்போது ரெண்டாம் முறை முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை போன பயத்தில் நாங்கள் அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். கார்த்திகையில் பிள்ளை பிறக்கும் என்று நாள் சொல்லியிருந்தார்கள். கார்த்திகையில் வழி இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் மேலே இருந்து உத்தரவு வந்தது. தை பிறக்கும் வரைக்கும் பார்ப்பார்களாம். ஒரு பிரசவம்கூட நடக்கவில்லை என்றால் மேஜையையும் நர்ஸையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் யாராவது வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்களாம்.

ஆடி மாசம் அந்த அறை ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். தளத்தின் மேல் ஏறி ஓடு பெயர்ந்த இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தேன். எதிரே கோயிலில் கூழ் வார்க்கக் காப்புக் கட்டியிருந்த சமயம். சன்னதிக் கதவு பகல் முழுக்கத் திறந்திருந்தது. கீழே ஒரு பெண் வந்தாள். கையில் பச்சைப்பிள்ளை. பிறந்து பத்து இருபது நாள் இருக்கும். நேரே வாசலுக்கு வரவில்லை. தெருமுனையில் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். நர்ஸம்மா தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் ஊசி போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி. அவளும் அங்கேயே நின்றாள். வெட்கம் என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

மேலே இருந்து பார்த்தவன் நான். கொத்தன் கண்ணுக்கு முதலில் தெரிவது நேர்தான். சன்னதியில் எரிகிற விளக்கு, கோயில் வாசல், தெரு, நர்ஸம்மா அறை வாசல். நூல் பிடித்தாற்போல ஒரே கோடு. அம்மன் கண்ணைத் திறந்தால் பிரசவ மேஜை!

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் முப்பது நாள் தீட்டு. அதுவரை அம்மன் எதிரே வரக் கூடாது, வீதியில் அம்மன் பார்வை படுகிற இடத்தைத் தாண்டக் கூடாது. வலியோடு அந்த அறைக்குள் போய்விடலாம். தீட்டோடு எப்படி வெளியே வருவது? வாசல் ஒன்றுதான், அதுவும் அம்மன் முகத்துக்கு நேரே. அதனால் ஒருத்தியும் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. எதனால் போகவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பான்? சொன்ன முதல் ஆள் நான்தான்.

அப்படியே தளத்திலிருந்து குனிந்து கூப்பிட்டேன். "நர்ஸம்மா, உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. வாசல்மேலதான் பிரச்சினை கீது."

"வாசலா? வாசலுக்கு என்ன அண்ணாச்சி?"

இறங்கி வந்து சொன்னேன். கோயிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "ஒரு வருசமா நான் இங்கன ஈ ஓட்டுதேன். ஊர் முழுக்க ஒரு ஆளுக்கும் இதைச் சொல்ல வாய் வரலையா? படம் போட்டுல்லா காட்டுனாவ! அப்பமாவது ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லக் கூடாதா?"

"நல்லா இருந்துச்சிம்மா படம். அதான் யாரும் நடுவுல எழுந்துக்கல" என்றேன். ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கி என்மேல் எறியப் பார்த்தார்.

வழி எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பின்சுவரை உடைத்து ஏரிப் பக்கம் ஒரு வாசல் வைக்க வேண்டும். முன்கதவைப் பிரசவ சமயத்தில் சாத்திவிட்டால் அம்மனுக்கும் தொந்தரவு இல்லை, பெண்களுக்கும் தொந்தரவு இல்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் உடனே புரிந்துகொண்டார். ஆனால் தலையை ஆட்டினார். "அரசாங்கச் சுவர் மேஸ்திரி. உடைக்கணும்னா எழுதிப் போடணும். அனுமதி வர அடுத்த ஆடி ஆயிடும். நீங்க பாட்டுக்கு உடைச்சீங்கன்னா உங்க மேல கேஸ், என் மேல விசாரணை."

"சரிங்க டாக்டரம்மா. பின்சுவத்துல விரிசல் கீது. அத ரிப்பேர் பண்ணலாமா?"

"எவ்வளவு பெரிய விரிசல்?"

"எவ்வளவு பெருசுன்னு நீங்க சொல்லுங்க."

வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "ரிப்பேருக்கு நான் அனுமதி தரலாம்" என்றார்.

கட்டட வேலை தெரிந்தவனுக்குத்தான் நான் செய்தது விளங்கும். இருக்கிற சுவரில் வாசல் திறப்பது என்றால் முதலில் கீழே இடிக்கக் கூடாது. இடித்தால் மேல்சுவர் தலையில் விழும். முதலில் மேலே பள்ளம் வெட்டி, மேல்சுவரைத் தாங்குகிற லிண்டல் விட்டத்தைச் செருக வேண்டும். அது இறுகிய பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். நான் விரிசலை அடைப்பதாகச் சொல்லி லிண்டலைச் செருகிவிட்டேன். மேலே பூசிச் சுண்ணாம்பும் அடித்தேன். பார்க்கிறவனுக்கு வெறும் சுவர். எனக்கு மட்டும் தெரியும், உள்ளே ஒரு வாசல் ரெடியாக நிற்கிறது என்று. முன்னாலேயே உடைத்தால் கேஸ் வரும், அதனால் தேவைப்படுகிற அன்றைக்கு உடைக்கலாம் என்று விட்டுவைத்தேன். ஒரு நாள் வேலை சில நிமிஷ வேலையாகிவிட்டது. இன்ஜினியர் படித்தவன்கூட இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டான்.

இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. அறைக்குப் பின்னால் இருக்கிற வேர்க்கடலைக் கொல்லை என் பெரியப்பா மகனுக்குச் சொந்தம். அவர்தான் அம்மன் கோயில் தர்மகர்த்தா. பூவரச மரம் ஒன்று எல்லையில் நிற்க, அது யாருடையது என்று சண்டை போட்டு நாங்கள் பேச்சை விட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது. வாசல் திறந்தாலும் அவர் கொல்லை வழியாகத்தானே பெண்கள் வர வேண்டும்? நான் யார் வாசலிலும் போய் நிற்கிறவன் இல்லை. தங்கச்சிக்காக நின்றேன்.

"இன்னாடா நைனா, வழி தப்பி வந்துட்டியா?" என்றார் அண்ணன். ஈசிச்சேரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வழி கேட்டுதான் வந்தேன் அண்ணாத்தே. கொல்ல ஓரமா ரெண்டு பொம்பளங்க நடக்கற அளவுக்கு வழி வுடு."

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "கவர்மெண்டு சுவத்த இடிச்சா உன்ன உள்ள புடிச்சிப் போட்டுடுவான். அப்பால என் கொல்லையில போட்ட வழி எதுக்கு ஆவும்? மாடு மேய்க்கவா?" என்றார்.

"உள்ள போறவன் நான். உனுக்கு இன்னா? உன் கோயில யோசிச்சிப் பாரு. காப்புக் கட்டின நேரத்துல எந்த வூட்ல பிரசவம் ஆவுதோன்னு வருஷா வருஷம் நீதான் பயந்துகினு கீற. பின்னால ஒரு வாசல் இருந்தா அம்மன் எதிர்ல எந்தத் தீட்டும் வராது. நான் கேக்கறது எனுக்கு இல்ல, அம்மனுக்கு."

அண்ணன் ஈசிச்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பூவரச மரம்?" என்றார்.

அந்த மரம் என்னுடையதுதான். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு, "உன்னுதே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணி உள்ளே இருந்து மோர் கொண்டுவந்தார்கள். பேச்சு வந்துவிட்டது. கொல்லை ஓரம் வேர்க்கடலைச் செடி பிடுங்கி வழி விட்டார், அதையும் மறைக்க மாட்டேன். கோயிலிலிருந்து வழி தெரியாமல் தென்னங்கீற்றில் தட்டி கட்டச் சொன்னார். கட்டினேன்.

கார்த்திகை வந்தது. கலங்கல் வழிந்தது. வழி முங்கியது. ஒரு நாள் காலையில் பலகாரம் சாப்பிடுகிற நேரத்தில் தங்கச்சிக்கு வலி எடுத்தது. வண்டி கட்ட வழியில்லை, சாலைக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரப் பெண்கள் சொன்னார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, போன தபா மாதிரி வேணாம்ணா. நர்ஸம்மாகிட்ட கூட்டினு போ" என்றாள்.

சம்மட்டியும் உளியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பெண்கள் தங்கச்சியைக் கைத்தாங்கலாகக் கொல்லை வழியாக நடத்திக்கொண்டு வந்தார்கள். மழைத் தூறலில் அவளைச் சுற்றிப் புடவையைப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றார்கள். உள்ளே இருந்து நர்ஸம்மா கத்துகிறார்: "அண்ணாச்சி, முன்வாசல் வழியா கூட்டிட்டு வாங்க, நேரமாகுது!"

"ஓரமா நில்லும்மா!" என்று சொல்லிவிட்டு முதல் அடி அடித்தேன். லிண்டலுக்குக் கீழே செங்கல் பொலபொலவென்று உள்ளே கொட்டியது. மேல்சுவர் அசையவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. அண்ணன் எதிர்ப்பக்கம் கோயில் வாசலில் நின்று, "சத்தம் கேக்குதுடா, சீக்கிரம் முடி" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். செங்கல்லைக் காலால் தள்ளி வழி பண்ணினேன். தங்கச்சி குனிந்து உள்ளே போனாள். புழுதி அடங்குவதற்குள் நர்ஸம்மா முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, சுத்தமான துணி விரித்து, வெளிச்சத்துக்காக மேஜையைத் திறப்புப் பக்கம் இழுத்துப் போட்டார்.

ஆம்பளை நிற்கிற இடம் இல்லை என்று நான் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை என்றார்கள். மூச்சு விட்டேன். அப்புறம் நர்ஸம்மா குரல், அதில் எப்போதும் இருக்கிற கிண்டல் இல்லை: "ரத்தம் நிக்கல. அண்ணாச்சி, உங்க கை வேணும். திரும்பிப் பாக்காதீங்க, கையை மட்டும் உள்ள நீட்டுங்க."

டிரிப் பாட்டில் மாட்டுகிற ஆணி முன்வாசல் பக்கச் சுவரில் இருந்தது. மேஜையோ இந்தப் பக்கம். பெண்கள் தங்கச்சியையும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை என் கையில் கொடுத்து, "ஒசத்திப் பிடிங்க. சொல்லுத வரைக்கும் இறக்கக் கூடாது" என்றார். பிடித்தேன். முதுகு காட்டி நின்று, கையை மட்டும் பின்னால் உள்ளே நீட்டி, உயரத் தூக்கிப் பிடித்தேன். டாக்டரம்மா கற்றுக்கொடுத்த ஊசியை நர்ஸம்மா போட்டார். அடிவயிற்றை விடாமல் அழுத்திப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணைத் தொறந்து என்னைப் பாரு, பேசிட்டே இரு, உன் புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?" என்று தங்கச்சியைத் தூங்க விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். என் தோள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. சாரத்தில் செங்கல் தூக்கிய தோள், அதனால் தாங்கியது. வேறொருவன் என்றால் இறக்கியிருப்பான்.

நெடுநேரம் கழித்து நர்ஸம்மா சொன்னார்: "நின்னுட்டு அண்ணாச்சி. ரத்தம் நின்னுட்டு." அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று சொன்னார் அல்லவா.

மறுநாள் டாக்டரம்மா டிராக்டரில் ஏறித் தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தார். தங்கச்சியைப் பார்த்தார், நாடி பிடித்தார், பிள்ளையைப் பார்த்தார், நர்ஸம்மா தோளைத் தட்டினார். "நான் இருந்திருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்தார். "இது என்ன?"

"சுவர் தானா விழுந்திட்டு டாக்டர்" என்றார் நர்ஸம்மா.

"தானாவா? இவ்வளவு நேராவா? மேஸ்திரி, நீங்க சொல்லுங்க."

"ஆமா டாக்டரம்மா. மழைக்கு ஊறிப்போயி தானா வுழுந்துச்சி." அண்ணனும் அங்கேதான் நின்றார். "நானே பாத்தேங்க, தானாத்தான் வுழுந்துச்சி" என்று சாட்சி சொன்னார்.

டாக்டரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். "விழுந்த இடத்துல ஒரு கதவைப் போட்டு மூடிடுங்க. திறந்து கிடந்தா நாய் வரும்" என்றார். வேங்கை மரத்தில் கதவு செய்து போட்டேன். என் சொந்த மரம்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அடுத்த நிறைமாசக்காரி கொல்லை வழியாகத் தானாக நடந்து வந்தாள். அவளுக்கு அடுத்தவள் வந்தாள். தை பிறந்தபோது மேஜையும் போகவில்லை, நர்ஸம்மாவும் போகவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஏரிக்கரை மேல் நடந்து வர ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளில் மற்ற ஊர் நர்ஸுகளை இங்கே அனுப்பி, எங்கள் நர்ஸம்மாவிடம் வேலை பழகச் சொன்னார் டாக்டரம்மா. புதிதாக எங்கே இப்படி அறை கட்டினாலும், வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று முதலில் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லுவார். ரெண்டு மூன்று ஊரில் என்னையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நாலாம் வகுப்பு படித்தவன் ஜீப்பில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எங்கள் ஊரில் எவன் போயிருக்கிறான்?

நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். தங்கச்சி மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். பழைய அறையை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டினார்கள். ரெண்டு வாசல், முன்னால் ஒன்று, ஏரிப் பக்கம் ஒன்று. திறப்பு விழாவுக்கு மாலை, மேளம் எல்லாம் வந்தது. கல்லில் பெரிய மனிதர்கள் பெயர்கள். கடைசி வரியில் என் அண்ணன் பெயர், 'வழி அளித்தவர்' என்று. வழி அளித்தார், நியாயம்தான். ஆனால் அந்த வழி எங்கே போய் முட்டியது? சுவரில். சுவரைத் திறந்தது யார்?

நேரே அண்ணனிடம் போனேன். "இன்னா அண்ணாத்தே, கல்லுல உன் பேரு கீது. என் பேரு எங்க?"

அண்ணன் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "டேய், நீதானடா அன்னிக்கி சுவரு தானா வுழுந்துச்சின்னு டாக்டரம்மாகிட்ட சொன்ன? நானும் சாட்சி சொன்னேன். தானா வுழுந்த சுவத்துக்கு எவன்டா பேரு வெட்டுவான்?"

ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கேயும் அதேதான். பழைய ரிக்கார்டில் 'மழையில் சுவர் சரிந்தது, கதவு பொருத்தப்பட்டது' என்று இருக்கிறதாம். யார் பொருத்தினார்கள் என்று இல்லையாம்.

சரி. அப்படியென்றால் எல்லாரும் படிக்கிறாற்போல இங்கே எழுதுகிறேன். அந்தச் சுவர் தானாக விழவில்லை. மழைக்கு ஊறவில்லை. நான் இடித்தேன். ஆடியிலேயே லிண்டல் செருகி வைத்து, கார்த்திகையில் என் தங்கச்சிக்காக என் கையால் இடித்தேன். அரசாங்கச் சுவரை இடித்தது குற்றம் என்றால் இப்போது வந்து பிடித்துக்கொண்டு போங்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன். கூட வரும்போது கல் வெட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நர்ஸம்மா பெயரை முதலில் வெட்டுங்கள்; பிள்ளைகளைப் பிடித்துத் தூக்கியது அவர், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். அதற்குக் கீழே, என் அண்ணன் பெயருக்கு மேலே, என் பெயரை வெட்டி, 'ஏரிப்பக்கத்து வாசல் திறந்தவர்' என்று போடுங்கள். முன்வாசல் கல்லில் இடமில்லை என்று ஆபீசில் சொன்னார்கள். பரவாயில்லை, பின்வாசலில் இடம் இருக்கிறது. கல்லை நானே கொண்டுவந்து பதித்துத் தருகிறேன். நேராகப் பதிக்க என்னைவிட ஆள் உங்களுக்குக் கிடைக்காது.